காற்று என்று பெயரிட்டவர்கள்

1989ஆம் ஆண்டின் ஜப்பானிய மேலவைத் தேர்தலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும் மூத்த பேராசிரியர் ஒருவர், “நமக்கு எதுக்கும்மா ஜப்பான்? சங்க காலப் பெண்பாற் புலவர்களப் பத்தி எழுதுங்க, பிள்ளைங்களுக்குப் பயன்படும்” என்றார். அவர்களைப் பற்றியும் எழுதுவேன். ஆனால் வென்ற பெண்களை ஒரு சொல்லை வைத்தே எப்படி இல்லாமல் ஆக்கலாம் என்பதற்கு அந்த ஜூலை மாதத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவள் நான். அதனால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

‘மடோனா சுழல்காற்று.’ 1989 ஜூலை 23 அன்று நடந்த தேர்தலில் 146 பெண்கள் நின்றார்கள், 22 பேர் வென்றார்கள். அதுவரை எந்த மேலவைத் தேர்தலிலும் இத்தனை பெண்கள் வென்றதில்லை. ஜப்பானியப் பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர்தான் இது. நம்மூரிலும் தேர்தல் என்றால் அலைதான், மறுக்கவில்லை. ஆனால் நம்முடைய அலை யாரோ ஒரு தலைவருக்காக அடிக்கும். அலை ஓய்ந்ததும் கரையில் தலைவர் நிற்பார். ஜப்பானில் வென்றவர்களே காற்றாக்கப்பட்டார்கள். காற்றுக்கு முகவரி கிடையாது, கொள்கை கிடையாது, நேற்று கிடையாது. வரும், போகும்.

‘மடோனா’ அதைவிட மோசம். 1906இல் வந்த நட்சுமே சோசெகியின் ‘போச்சான்’ நாவலில் ஊரே வியக்கும் ஓர் அழகிக்கு அந்தப் பட்டப்பெயர் உண்டு. அதிலிருந்து ஆண்கள் ஏங்கிப் பார்க்கிற பெண்ணைக் குறிக்கும் சொல்லாக ஜப்பானியத்தில் அது புழங்கிவருகிறது. அந்த நாவலில் எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுவார்கள், அவள் பேசுவது நம் காதில் விழாது. தேர்தலில் வென்று பேச வந்த பெண்களுக்கு, தேடிப் பிடித்து இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

நடந்தது என்ன? ஜப்பானிய மேலவைக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை பாதி இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். உறுப்பினரின் காலம் ஆறு ஆண்டு. பிரதமர் நினைத்தாலும் கலைக்க முடியாது. 1989இல் 126 இடங்கள் தேர்தலுக்கு வந்தன. 1955இல் தொடங்கிய நாளிலிருந்து ஆட்சியை விடாமல் வைத்திருந்த லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 36 இடங்கள் கிடைத்தன. தகாகோ டோய் தலைமையில் நின்ற சோசலிசக் கட்சிக்கு 46. ஓர் இடம் மட்டுமே உள்ள 26 தொகுதிகள், அதாவது கிராமப்புறமாய் ஆளும் கட்சியின் கோட்டையாய் இருந்தவை. அவற்றில் ஆளும் கட்சி வென்றது மூன்றே மூன்று. மேலவையில் அந்தக் கட்சி பெரும்பான்மையை இழந்தது அதுதான் முதல்முறை.

காரணங்களை எல்லோரும் அடுக்குவார்கள். ரெக்ரூட் நிறுவனம் சந்தைக்கு வராத பங்குகளை அரசியல்வாதிகளுக்கு அள்ளிக்கொடுத்த ஊழல். அதில் பிரதமர் தகேஷிதாவின் பதவியே போனது. அமெரிக்க மாட்டிறைச்சிக்கும் ஆரஞ்சுக்கும் கதவு திறந்ததில் விவசாயிகளுக்கு வந்த கோபம். இவற்றை நான் வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் அரசியல் வரலாற்றுக்காரர்கள் இவற்றில் நிற்பார்கள். நான் நிற்க விரும்புவது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று வந்த 3 சதவீத நுகர்வு வரியில். அதைக் ‘குடும்பத் தலைவிகளின் எரிச்சல்’ என்று ஒதுக்கி எழுதியவர்கள் உண்டு. எரிச்சலா? கடையில் நூறு யென்னுக்கு ஒரு பொருளை எடுத்தால் மேலே மூன்று யென். நாடு முழுக்க ஒரு யென் நாணயத்துக்குத் தட்டுப்பாடு வருமென்று அரசு அந்த ஆண்டில் அவற்றைக் கோடிக்கணக்கில் அச்சடித்தது. அந்தச் சில்லறையை ஒவ்வொரு நாளும் எண்ணிக் கொடுத்தவள் யார்? சம்பளக்காரனுக்கு வரி சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டு வருகிறது, அவன் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இந்த வரியைக் கையால் தொட்டவர்கள் பெண்கள். இன்னொன்று. முதலில் வந்த சட்டத்தில் பிரசவச் செலவுக்கும் வரி இருந்தது, வீட்டு வாடகைக்கும் இருந்தது, பிணம் எரிக்கும் கட்டணத்துக்கும் இருந்தது. 1991இல் திருத்தம் வந்த பிறகுதான் இவை நீங்கின. பிள்ளை பெறுவதை நுகர்வு என்று எழுதிய வரைவு எத்தனை ஆண் கைகளைத் தாண்டி வந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கைகூட அந்த இடத்தில் தயங்கவில்லை.

இனி உனோவுக்கு வருகிறேன். தகேஷிதாவுக்குப் பிறகு, கறைபடாதவர் என்று தேடிப்பிடித்து ஜூன் தொடக்கத்தில் பிரதமராக்கப்பட்டவர் சோசுகே உனோ. சில நாட்களிலேயே ‘சண்டே மைனிச்சி’ வார இதழில் ஒரு கெய்ஷா பேசினார். மாதம் மூன்று லட்சம் யென் கொடுத்து உனோ தன்னை வைத்திருந்தார் என்றார். பெரிய நாளேடுகள் முதலில் வாயை மூடிக்கொண்டன. ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதியது; மேலவையில் சோசலிசக் கட்சியின் பெண் உறுப்பினர் ஒருவர் பிரதமரின் முகத்துக்கு நேராகக் கேட்டார்; அதன் பிறகுதான் அது செய்தியானது. அதற்கு வந்த ஆண் எதிர்வினைகளில் இரண்டு என்னால் மறக்க முடியாதவை. ஒன்று, தொழில் தர்மத்தை மீறி அந்தப் பெண் வாய் திறந்துவிட்டாள் என்பது. இரண்டாவது, உனோ கஞ்சன், இத்தனை பெரிய மனிதர் இன்னும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம் என்பது. பெண்ணை விலைக்கு வாங்கியது குற்றமாகப் படவில்லை. பேரம்தான் குறையாகப் பட்டது.

இதே மேலவையிலும் கீழவையிலும் இருந்த பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்சி கடந்து கைகோத்துப் பாலியல் தொழில் தடுப்புச் சட்டத்துக்காகப் போராடியிருந்தார்கள். 1956இல் அது நிறைவேறியது. ஆனால் நிறைவேறி வந்தபோது அதன் தண்டனை தெருவில் நின்று அழைக்கிற பெண்ணின் மேல் விழுந்தது. காசு கொடுத்து வாங்குகிற ஆணுக்கு அதில் தண்டனை இல்லை. உனோ எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று அவருடைய ஆட்கள் நிம்மதியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவரைச் சட்டத்தால் எதுவும் செய்ய முடியாத பெண்கள் வாக்கால் செய்தார்கள். தேர்தலுக்கு மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். மொத்தம் 69 நாட்கள் பிரதமர்.

பிரச்சாரத்தின் நடுவே விவசாய அமைச்சர் ஹோரினோவுச்சி, அரசியல் உலகத்தில் பெண்களால் ஒரு பயனும் இல்லை என்று மேடையில் பேசினார். தாட்சருக்காவது கணவனும் பிள்ளைகளும் உண்டு, டோய்க்கு என்ன இருக்கிறது என்கிற தொனியில் போனது பேச்சு. பிறகு மன்னிப்புக் கேட்டார், வழக்கம்போல. டோய் திருமணம் செய்துகொள்ளாதவர். அரசமைப்புச் சட்டம் கற்பித்த ஆசிரியர். 1969இல் கீழவைக்கு வந்து 1986இல் ஜப்பானின் பெரிய கட்சி ஒன்றுக்கு முதல் பெண் தலைவரானவர். இருபது ஆண்டுகள் பாராளுமன்றத்தில் இருந்தவருக்கு இல்லாத தகுதி ஒரு புருஷனிடம் இருக்கிறது என்று நம்புகிற மூளையோடு நாமும் அன்றாடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது அந்தக் காற்றைப் பார்ப்போம். எங்கிருந்து வந்தது?

1922 வரை ஜப்பானியப் பெண்கள் அரசியல் கூட்டத்தில் போய் உட்காரவே சட்டம் தடை விதித்திருந்தது. பேசக் கூடாது என்பது மட்டுமல்ல, கேட்கவும் கூடாது. அந்தத் தடையை உடைத்தவர்களில் ஃபுசாயே இச்சிகாவாவும் முமேவோ ஒகுவும் உண்டு. போர் முடிந்து 1946இல் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த கீழவைத் தேர்தலிலேயே 39 பெண்கள் வென்றார்கள். அந்த எண்ணிக்கையைக் கீழவை மறுபடி தாண்டுவதற்கு 2005 ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு நடந்த முதல் மேலவைத் தேர்தலில் பத்துப் பெண்கள். அவர்களில் ஒருவர் ஒகு. 1948இல், பற்றாத தீக்குச்சிகளுக்கு எதிராகக் கூட்டம் போட்ட பெண்களைச் சேர்த்து இல்லத்தரசிகள் சங்கத்தைத் தொடங்கினார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். தேசியக் கொடியோ புரட்சியோ அல்ல, எரியாத தீக்குச்சி. சோற்றுக் கரண்டி வடிவத்தில் பதாகை செய்து தெருவில் இறங்கியவர்கள் அவர்கள். வீட்டில் அடுப்பு பற்றவில்லை என்றால் அதற்குத் தொழிற்சாலையும் அமைச்சகமும் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்த அமைப்பு அது.

இச்சிகாவா 1953இல் மேலவைக்கு வந்தார். தன் கைப்பணத்தைச் செலவழித்து ஓட்டுக் கேட்பதில்லை, ஆதரவாளர்கள் தாமாகச் சேர்ந்து செய்யும் எளிய தேர்தல்தான் தேர்தல் என்பது அவருடைய பிடிவாதம். 1971இல் தோற்றார். 1974இல் திரும்பி வந்தார். 1980இல், 87 வயதில், நாடு முழுவதும் ஒரே தொகுதியாக இருந்த பிரிவில் 27 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி முதலிடத்தில் வென்றார். ஒன்பது ஆண்டு கழித்து வந்தவர்களைக் காற்று என்றவர்களுக்கு இந்த மூதாட்டியின் பெயர் தெரியாமலா இருந்திருக்கும்?

1965இல் டோக்கியோவின் செதகாயா பகுதியில் இருநூறு பெண்கள் சேர்ந்து பால் வாங்கத் தொடங்கியதில் வளர்ந்ததுதான் செய்கட்சு கூட்டுறவு. 1979இலிருந்து அந்தப் பெண்கள் உள்ளாட்சி அவைகளுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். இவர்கள் எல்லோரும் டோயின் கட்சிக்காரர்கள் அல்லர். பலருக்கு அந்தக் கட்சியின் தொழிற்சங்க ஆண்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் ரசீதைப் படிக்கவும் கூட்டம் நடத்தவும் துண்டறிக்கை எழுதவும் அதிகாரியைக் கேள்வி கேட்கவும் தெரிந்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள் என்றால் அது இப்படிப்பட்ட வேலையால்தான். நாற்பது ஆண்டு உழைப்பை ஒரு கோடைகாலத்துப் பருவநிலையாகச் சுருக்குவதற்கு அறியாமை மட்டும் போதாது, விருப்பமும் வேண்டும்.

முடிவுகள் வந்தபோது டோய், மலை நகர்ந்துவிட்டது என்றார். கவிதை வாசிப்பவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறதென்று தெரியும். 1911இல் ரைச்சோ ஹிராட்சுகாவும் தோழிகளும் தொடங்கிய ‘செய்தோ’ என்ற பெண்கள் இதழின் முதல் இதழுக்கு அகிகோ யோசானோ எழுதிய கவிதையில் அந்த மலை இருக்கிறது. உலகத்துக் கவிஞர்கள் காலங்காலமாகப் பெண்ணைக் கொடியாகவும் மயிலாகவும் நதியாகவும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள், நம்மவர்கள் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஒரு பெண், பெண்களுக்காக எடுத்த உருவகம் மலை. அதை 78 ஆண்டு கழித்து இன்னொரு பெண் தேர்தல் முடிவுக்கு எடுத்துக்கொண்டார். பத்திரிகை காற்று என்றது, டோய் மலை என்றார். எந்த உருவகம் செய்தியாக நின்றது, எந்த உருவகம் மேற்கோளாக ஒதுங்கியது என்று கவனியுங்கள்.

ஆகஸ்ட் 9 அன்று மேலவை தகாகோ டோயைப் பிரதமராகத் தேர்ந்தது. ஆமாம், தேர்ந்தது. கீழவை தோஷிகி கைஃபுவைத் தேர்ந்தது. இரண்டு அவைகளும் இரண்டு பெயர் சொன்னது 1948க்குப் பிறகு அதுதான் முதல்முறை. ஒத்துப்போகாவிட்டால் கீழவையின் முடிவே செல்லும் என்பது அரசமைப்பின் 67ஆம் பிரிவு. அரசமைப்புச் சட்டம் கற்பித்தவருக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

தோற்ற கட்சி என்ன செய்தது என்பதில்தான் நம் மாணவிகள் பாடம் படிக்க வேண்டும். கைஃபு தன் அமைச்சரவையில் இரண்டு பெண்களைச் சேர்த்தார். சில வாரத்தில் அமைச்சரவையின் தலைமைச் செயலர் யமஷிதா, ஒரு பெண் விவகாரத்தில் சிக்கி விலகினார். அந்த நாற்காலிக்கு அந்த இரண்டு பெண்களில் ஒருவரான மயூமி மொரியாமாவைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். திறமைசாலி, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆண் கொட்டிய அழுக்கைத் துடைக்க ஒரு பெண்முகம் தேவைப்பட்ட நேரத்தில்தான் அந்தத் திறமை கண்ணில் பட்டது. 1990 ஜனவரியில் சுமோ போட்டியின் வெற்றியாளருக்குப் பிரதமர் கோப்பையை அரசின் சார்பில் தான் வழங்க விரும்புவதாகச் சொன்னார் மொரியாமா. சுமோ சங்கம் மறுத்துவிட்டது. மல்யுத்த மேடையில் பெண் கால்படக் கூடாது. கருவறை வாசலோடு நின்று பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. (2018இல் மைசுரு நகரில் அதே போன்ற மேடையில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்யப் பெண்கள் ஓடி ஏறியபோது, இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.) 1990 பிப்ரவரியில் கீழவைத் தேர்தல் நடந்தது, ஆளும் கட்சி வென்றது. புதிய அமைச்சரவையில் அந்த இரண்டு பெண்களும் இல்லை. வீடு சுத்தமாகிவிட்டது, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

இங்கே டோயின் கட்சியையும் விடப்போவதில்லை. அந்தக் கீழவைத் தேர்தலில் 512 இடங்கள். சோசலிசக் கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் 149. நிறுத்திய அத்தனை பேரும் வென்றிருந்தாலும் ஆட்சி அமைக்க முடியாது. மலை நகர்ந்துவிட்டது என்று நாடே பேசிக்கொண்டிருந்தபோது, தொழிற்சங்கத்து ஆண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாற்காலிகள் ஆடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரே தொகுதியில் பலர் வெல்லும் அந்த முறையில் இரண்டாவது வேட்பாளரை நிறுத்தினால் முதலாமவருக்கு வாக்கு குறையுமே. பெண்களை மேலவைக்கு அனுப்பலாம், அங்கே விகிதாசாரப் பட்டியல் இருக்கிறது. ஆட்சி யாருடையது என்று முடிவாகிற கீழவைக்கு ஊரில் செல்வாக்கு, அப்பன் பேர், பண மூட்டை மூன்றும் வேண்டும். வேட்பாளர் தேர்வில் அந்த மூன்றும் ஆண்களிடமே இருந்தன. அந்தத் தேர்தலில் வென்ற மொத்தப் பெண்கள் 12. டோய் 1991இல் உள்ளாட்சித் தேர்தல் தோல்விக்குப் பொறுப்பேற்றுத் தலைமையை விட்டார். 1992 மேலவைத் தேர்தலில் வென்ற பெண்கள் 13. காற்று ஓய்ந்தது என்று எழுதினார்கள். பெயர் வைத்தபோதே எழுதி வைத்துவிட்ட முடிவுரை அது.

ஓய்ந்ததா? எதிர்க்கட்சிகள் மேலவையில் பெரும்பான்மையாக இருந்த அந்த ஆண்டுகளில், 1991இல், குழந்தை வளர்ப்பு விடுப்புச் சட்டம் வந்தது. அப்பாவுக்கும் விடுப்பு உண்டு என்று எழுதிய சட்டம். சம்பளம் இல்லாத விடுப்பு என்பதால் அப்பாக்கள் எடுக்கவில்லை, அது வேறு கதை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2001இல் வந்தபோது அதன் வரைவு அமைச்சகத்திலிருந்து வரவில்லை; மேலவையின் ஆய்வுக் குழுவில் பல கட்சிப் பெண்கள் உட்கார்ந்து உருவாக்கியது. 1989இல் சோசலிசப் பட்டியலில் வென்று வந்த பத்திரிகையாளர் அகிகோ டோமோட்டோ அதே 2001இல் சிபா மாகாணத்தின் ஆளுநரானார். டோய் 1993இல் கீழவையின் முதல் பெண் சபாநாயகர். அதுவரை சபாநாயகர்கள் உறுப்பினர்களை ‘குன்’ என்று சேர்த்துக் கூப்பிடுவது மரபு, அது ஆண்கள் தங்களுக்குள்ளும் இளையவர்களையும் கூப்பிடும் முறை. டோய் எல்லோரையும் ‘சான்’ என்றார், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மரியாதை. ‘அவன்’, ‘அவர்’, ‘அது’ மூன்றுக்கும் இடையில் எத்தனை அரசியல் இருக்கிறது என்று தெரிந்த தமிழ்க்காரி என்ற முறையில் எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, “ஆகவே பெண்கள் வந்தால் அரசியல் சுத்தமாகும்” என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். 1989இன் பிரச்சாரமே அந்தப் பொறியில்தான் பாதி விழுந்தது. அடுக்களைக் கை, கறைபடாத கை, தாயின் கை. சுத்தமானவள் என்று வாக்குக் கேட்டால் ஒரு சிறு கறைக்கும் ஆணைவிடப் பத்து மடங்கு தண்டனை வரும். தவிர, அந்தச் சுத்தத்தின் கணக்கில் உனோவைப் பற்றிப் பேசிய கெய்ஷா எங்கே இருந்தாள்? அவள் வாய் திறந்ததில் தொடங்கிய கோபத்தில் பாதி, ‘மானமுள்ள குடும்பப் பெண்களின்’ கோபமாக மாற்றி எழுதப்பட்டது. வாக்காளப் பெண், வேட்பாளப் பெண் என்று பேசியவர்கள் அவளைப் பெண்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. விலை பேசப்பட்டவளையும் ஒரு யென் நாணயத்தை எண்ணியவளையும் ஒரே வாக்கியத்தில் எழுதாத எந்தப் பெண் அரசியலும் எனக்கு அரைகுறைதான்.

எண்ணிக்கை போதும் என்கிற தோழிகளோடும் எனக்குச் சண்டை உண்டு. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 42 பெண்கள் வென்றார்கள், இதுவரை அதுவே அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் சனாயே தகாயிச்சி ஜப்பானின் முதல் பெண் பிரதமரானார். 1989இல் தோற்ற அதே லிபரல் ஜனநாயகக் கட்சியிலிருந்து. பெண்ணால் அரசியலில் பயனில்லை என்று ஓர் அமைச்சர் மேடையில் பேசிய கட்சியிலிருந்து. கைதட்டலாம்தான். ஆனால் திருமணமானதும் கணவன் மனைவி இருவரில் ஒருவர் தன் குடும்பப் பெயரை விட்டே ஆகவேண்டும் என்கிற சட்டம் ஜப்பானில் இருக்கிறது. ஆண்டுதோறும் பெயரை விடுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்கள். பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015இலும் 2021இலும் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அதை மாற்றக் கூடாது என்பவர்களின் பக்கம் நிற்பவர் தகாயிச்சி. கலியாணப் பதிவுப் படிவத்தில், இனி எந்தப் பெயர் என்று கேட்கும் கட்டங்கள் இரண்டு: கணவன் பெயர், மனைவி பெயர். இரண்டில் ஒன்றைத்தான் குறிக்க முடியும்.